ஐம்பது மணி, ஒரு நூல்

குரோம்பேட்டையில் ஒரு மண்டபம். தங்கைக்கு வளைகாப்பு. மயில்கழுத்து நிறப் பட்டு, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல், கழுத்தில் நான் கோத்துக் கொடுத்த மாலை. எட்டு மில்லிமீட்டர் பச்சைக் கண்ணாடி மணி ஐம்பது, நடுவே கெம்புக்கல் பதக்கம். மூன்று இரவு உட்கார்ந்து செய்தது. கன்னத்தில் சந்தனம் பூசப் பெரியம்மா குனிந்தபோது அவர் வளையல் மாலையில் மாட்டிக்கொண்டது. லேசான இழுப்புதான். மணிகள் கொட்டி, வளையல் தட்டிலும் நாற்காலிகளுக்கு அடியிலும் பந்தி வாசல் வரையிலும் உருண்டு ஓடின.

ஒரு நொடி யாரும் பேசவில்லை. சுமங்கலிகள் கூடியிருக்கும் இடத்தில் கழுத்து மாலை அறுவது யாருக்கும் பிடிக்காது. பெரியம்மாவே அதைச் சமாளித்தார். “திருஷ்டி கழிஞ்சுதுடி, விடு” என்று சிரித்துக்கொண்டே சந்தனத்தைப் பூசி முடித்தார். பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். நாற்பத்தேழு மணி கிடைத்தது. மூன்று போனது போனதுதான்.

அன்றிரவு எங்கள் மாடி வீட்டு அக்கா அந்த மணிகளில் ஒன்றை எடுத்து விளக்கொளியில் பார்த்தார். துளையின் ஓரத்தில் நகத்தை வைத்துத் தேய்த்தார்.

“எதுல கோத்தே?”

“தங்கூசியிலக்கா, அந்த நைலான் நரம்புல. நல்லாத்தான் இழுத்துப் பாத்தேன்.”

“இழுத்தா அறாதும்மா. அறுத்தா அறும். இந்த ஓரத்தைத் தொட்டுப் பாரு, பிளேடு மாதிரி இருக்கு. நீ போட்டுப் பாத்து, கழட்டி, மடிச்சு வச்ச ஒவ்வொரு தடவையும் இது நூலைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்திருக்கு.”

மணிநகையைப் பற்றி நான் முதலில் கற்ற பாடம் அது. மணியைத் தேர்ந்தெடுக்க அரை நாள் அலைந்திருந்தேன். நூலைப் பற்றி அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஏழு வருடம் கழித்து, தாம்பரத்தைச் சுற்றி எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு மேசையில் நடக்கும் இந்த வேலையைப் பார்த்தபிறகும், சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். மணி கடையில் கிடைக்கும். நகை கோப்பில்தான் பிறக்கிறது. அந்தக் கோப்பை நாம் பார்ப்பதும் இல்லை, அதற்கு விலை வைப்பதும் இல்லை.

சாப்பாட்டு மேசைத் தொழில்

2025 அக்டோபரில் சென்னையில் ஒரு சவரன் தங்கம் 90,000 ரூபாயைக் கடந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் போகிற அத்தையும் சித்தியும் பீரோவைத் திறந்து யோசிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் தங்கம் ஏறியதால்தான் மணிநகை வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. பட்டுப்புடவையின் கரை நிறத்துக்குப் பொருந்தும் நகையைத் தங்கத்தில் செய்ய முடியாது. அரக்குக்குப் பச்சை, மாம்பழ மஞ்சளுக்கு நீலம், எம்.எஸ். நீலத்துக்கு முத்தும் பவளமும் என்று நிறத்தோடு நிறம் பேச மணி வேண்டும். தாம்பரத்திலிருந்து முடிச்சூர், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிற குடும்பம் திரும்பும்போது, புடவையின் ஓரத்தைப் படம் எடுத்து மணி கோக்கும் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறது. “இந்தக் கரைக்கு ரெண்டு சரம், ஜிமிக்கியோட” என்று ஒரு வரி. அங்கே தொடங்குகிறது வேலை.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட பேரூராட்சிகளும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. வரைபடம் மாறியது. வீடுகளின் கால அட்டவணை மாறவில்லை. காலை எட்டரைக்குள் பள்ளி வேனும் மின்சார ரயிலும் வீட்டைக் காலி செய்துவிடும். பதினொன்றிலிருந்து மூன்று வரை மேசை பெண்களுடையது. பழைய வேட்டியை நாலாக மடித்து விரிப்பார்கள். வேட்டியில் மணி உருளாது. சின்னக் கிண்ணங்களில் மணிகள் நிறவாரியாக நிற்கும். பிள்ளைகள் திரும்புவதற்குள் எல்லாம் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும்.

மணி வாங்கப் போவது இன்னமும் பாரிமுனைக்குத்தான். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. பத்து ரூபாய் டிக்கெட். இறங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலையைப் பிடித்து, மலையப்பெருமாள் தெரு, நாராயண முதலி தெரு என்று நுழைந்தால் இரண்டு பக்கமும் சரம் சரமாக நிறம் தொங்கும். கடைக்காரர் மொழியில் ஒரு ‘லைன்’ என்றால் சுமார் பதினாறு அங்குலம். எட்டு மில்லிமீட்டர் மணியில் ஐம்பது வரும், ஆறில் அறுபத்தேழு, நாலில் நூறு. முதல் முறை போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் ஒரு லைன் குறைந்து இன்னொரு முறை ரயிலேற வேண்டியிருக்காது. அடுத்த முறை அதே பச்சை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கண்ணாடி ஒவ்வொரு உருக்கிலும் நிறம் கொஞ்சம் மாறும். தேவைக்கு மேல் பத்து மணியாவது சேர்த்து வாங்கச் சொல்வார் அக்கா. ஞாயிற்றுக்கிழமை போகக் கூடாது. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

மோனலிசா, ஜேட், அகேட், பூசணிக்காய் வெட்டு, ரைஸ் பேர்ல் என்று பெயர்கள் மயக்கும். கையில் எடுங்கள். கண்ணாடியும் கல்லும் உள்ளங்கையில் குளிரும், கனக்கும். பிளாஸ்டிக் உடனே உடம்புச் சூட்டை வாங்கிக்கொள்ளும். முத்தைப் பல் நுனியில் மெல்ல உரசினால் நெருநெருவென்று இருக்கும். பூச்சு முத்து வழுக்கும். ஹைதராபாத் முத்து என்று விற்பதில் பெரும்பகுதி சீனத்து நன்னீர்ப் பண்ணைகளில் விளைந்து, ஹைதராபாத்தில் துளையிட்டுத் தரம் பிரித்தது. அதில் குறை ஒன்றும் இல்லை, அதுவும் சிப்பிக்குள் விளைந்த முத்துதான். மிகிமோட்டோ கோகிச்சி 1893-ல் ஜப்பானில் முத்தை வளர்த்துக் காட்டியபிறகு உலகம் அணிவது பெரும்பாலும் வளர்ப்பு முத்தே. முத்துக்குப் பேர்போன கொற்கையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வளர்ப்பு முத்தைக் குறைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன்.

எதை வாங்கினாலும் கடைசியில் துளையைப் பாருங்கள். பத்து மணியை ஒரு கம்பியில் ஏற்றிச் சுற்றினால், துளை நடுவில் இல்லாத மணி நொண்டும். அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஓரத்தை மழுக்கியவர்கள்

துளையின் ஓரம் நூலை அறுக்கும் என்பது அக்கா கண்டுபிடித்த விஷயம் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் கரையில் அதற்கு வழி கண்டிருந்தார்கள்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது எல்லோர் கண்ணும் ரோமானியப் பானை ஓடுகள் மேல் இருந்தது. அதே மண்ணில் கண்ணாடி மணிகள் சிதறிக் கிடந்தன. அவற்றின் கதையைப் பின்னாளில் பொறுமையாகத் தொடர்ந்தவர் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொரியா வரை கிடைக்கும் ஒரே வகைச் சின்ன மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தவர் அவர். அவற்றைச் செய்த பழைய பட்டறைகளில் ஒன்று அரிக்கமேடு. கண்ணாடியை உருக்கி, நடுவே காற்றுக் குழல் இருக்கும்படி நீளமாக இழுப்பார்கள். ஆறியதும் அந்தக் குழாயைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய ஓரம் கத்திதான். ஆகவே துண்டுகளைச் சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டு மறுபடி சூடாக்குவார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்து அதை மூடாமல் காக்கும், மணியோடு மணி ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். ஓரம் இளகி மழுங்கும். திருப்பதி வட்டாரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் கிட்டத்தட்ட இதே முறையில் மணி செய்துகொண்டிருந்ததைப் பிரான்சிஸ் பதிவு செய்திருக்கிறார்.

நூலுக்காக மணியை இரண்டாம் முறை தீயில் வைத்திருக்கிறார்கள். என் பச்சை மணியைச் செய்த இயந்திரம் அந்த அக்கறையைக் காட்டவில்லை.

மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல். அங்கே பேராசிரியர் கா. ராஜனும் மற்றவர்களும் நடத்திய அகழாய்வுகளில் பச்சைக்கல், படிகம், சூதுபவளம் எல்லாம் மணியின் ஒவ்வொரு நிலையிலும் கிடைத்தன. உடைத்த கல், உருட்டிய கல், பாதி துளையிட்டுக் கைவிட்ட கல். பச்சைக்கல் பக்கத்துப் படியூர் மண்ணிலேயே விளைந்தது. பாதி துளையில் பிளந்து போன ஒரு மணியின் படத்தைப் பார்த்தபோது எனக்கு மண்டபத்தில் உருண்டவைதான் நினைவுக்கு வந்தன. கை தவறிய அந்த ஆளுக்கு அன்றைய உழைப்பு வீண். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருந்த கழுத்து வலிதான் மிச்சம்.

தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே ஒரு தொடர்பு இருக்கிறது. அனகாபுத்தூர்த் தறிகளில் கடந்த நூற்றாண்டில் நெய்த கட்டம் போட்ட ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ துணி நைஜீரியாவுக்குக் கப்பல் ஏறியது. அங்கே நைஜர் ஆற்று முகத்துவாரத்துக் கலபாரி மக்கள் விசேஷங்களுக்கு மெட்ராஸ் துணியை உடுத்தி, கழுத்து நிறையப் பவள மணி அணிவார்கள். நைஜீரியக் கல்யாணப் பெண்களின் கழுத்தில் இன்றும் சரம் சரமாகப் பவளம் இருக்கும். நம் பக்கத்துத் தெரு நெசவும், ஆப்பிரிக்கக் கல்யாண வீட்டு மணியும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கின்றன என்பதை அறிந்த நாளில் நான் அனகாபுத்தூர் பேருந்தில் இருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது.

கை சொல்லித் தருவது

இனி கோப்பு. இதை எழுத்தில் சொல்வது கடினம், ஆனாலும் சொல்கிறேன்.

கண்ணாடி, கல், படிகம் மாதிரி ஓரம் கூர்மையான மணிகளுக்குத் தங்கூசி கூடாது. அது வெட்டுப்படும், நாளானால் மஞ்சளாகி முறியும். கடையில் ‘கியர் வயர்’ என்று கேட்டால் தருவார்கள். மயிரிழை மாதிரியான எஃகுக் கம்பிகள் ஏழோ அதற்கு மேலோ முறுக்கி, மேலே நைலான் பூசியது. இதில் முடிச்சு நிற்காது. சின்ன உலோகக் குழலான ‘கியர் லாக்’கைப் போட்டு, கம்பியைக் கொக்கி வளையத்தில் நுழைத்துத் திருப்பி, அதே குழலுக்குள் விட்டுக் குறடால் அழுத்த வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் பலத்தையெல்லாம் காட்டி நசுக்கிவிடுவார்கள். நசுங்கிய குழலின் ஓரமே கம்பியை வெட்டும். குழல் தட்டையானால் போதும், பிறகு லேசாக இழுத்துப் பார்க்கலாம். மீதிக் கம்பியை வெட்டி எறியாமல் ஓர் அங்குலம் மணிகளுக்குள் திருப்பி விட்டால் கழுத்தைக் குத்தாது.

இன்னொன்று. மணிகளை இறுக்கி மூடாதீர்கள். மாலையை வளைத்துப் பிடித்தபடி பூட்டுங்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். நேராக வைத்து இறுக்கிய மாலை கழுத்தில் கம்பி மாதிரி விறைத்து நிற்கும். இடைவெளி விட்டது நெஞ்சில் படிந்து விழும். பார்த்ததும் “எங்க வாங்கினே?” என்று கேட்க வைப்பது இந்தப் படிவுதான். விலையுயர்ந்த மணி இந்தக் குறையை மறைக்காது.

சரம் கூடக் கூடக் கணக்கு மாறும். இரண்டு, மூன்று சரங்களை ஒரே நீளத்தில் கோத்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு முறுக்கிக்கொள்ளும். உள்சரத்தைவிட அடுத்தது அரை அங்குலமாவது நீளமாக வேண்டும். மணி பருத்தால் முக்கால் அங்குலம். கழுத்தை ஒட்டும் அட்டிகைக்குப் பதினான்கிலிருந்து பதினாறு அங்குலம், ஆரத்துக்கு இருபத்தெட்டுக்கு மேல். பின்னால் கட்டும் ‘பேக் ரோப்’ இரண்டு மூன்று அங்குலத்தை ஏற்றி இறக்கித் தரும் என்பதால், யார் கழுத்துக்கும் ஒரே மாலையைப் பொருத்தலாம். கல்யாண வீட்டில் ஒரு நகை நாலு கழுத்தைப் பார்க்கும். பேக் ரோப்பைக் கண்டுபிடித்தவர் நம் குடும்பங்களை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும்.

முத்துக்குச் சட்டம் வேறு. முத்தைக் கம்பியில் கோக்கக் கூடாது, பட்டு நூல் அல்லது முறுக்கு நைலான் நூல் வேண்டும். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு. அறுந்தாலும் ஒன்றுதான் விழும், மற்றவை தங்கும். முத்தோடு முத்து உரசித் தேயவும் செய்யாது. முடிச்சைத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் ஊசியை விட்டு, ஊசியாலேயே முத்தின் வாய் வரை நகர்த்திக்கொண்டு போய், அங்கே ஊசியை உருவி இறுக்க வேண்டும். முதல் பத்து முடிச்சு இடம் தவறும். இருபதாவதில் விரலுக்குப் பிடிபடும். ஒரு முடிச்சு சுமார் ஒரு மில்லிமீட்டர் என்றால் அறுபது முத்துக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளம் கூடும். அளவெடுக்கும்போதே இதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சின்ன வயதில் எங்கள் ஊர் நகைக்கடைத் தெருவில் கடைப்படிக்குப் பக்கத்தில் ஒருவர் பவளம் கோக்க உட்கார்ந்திருப்பார். நூலின் ஒரு முனை அவர் கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கும். மறுமுனை பல்லில். இரண்டு கையும் முடிச்சுக்கு. கடைக்குள் இருந்தவர் தராசில் நிறுத்துப் பேசுவார், வெளியே இருந்தவர் முடிச்சில் நிறுத்துவார். கடையின் பெயர்ப்பலகையில் அவருக்கு இடம் இல்லை.

முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து. வியர்வை, எலுமிச்சை, சென்ட், தலைக்கு அடிக்கும் ஸ்பிரே எல்லாம் அவற்றை அரிக்கும். அலங்காரம் எல்லாம் முடித்துக் கடைசியில் போட்டு, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து வைக்க வேண்டும். படிகமும் அகேட்டும் முத்தைவிடக் கடினமானவை. ஒரே சரத்தில் சேர்த்தால் முத்து கீறல் விழுந்து மங்கும். சேர்க்கத்தான் வேண்டும் என்றால் நடுவே முடிச்சையோ சின்னத் தங்க நிற மணியையோ காவல் வையுங்கள்.

நம் புறநகரின் புழுக்கத்தை மறந்துவிட்டு நகை செய்ய முடியாது. மே மாத முகூர்த்தத்தில், மின்விசிறிக்கு எட்டாத மணவறைப் பக்கத்தில், மலிவான முலாம் இரண்டு மணி நேரத்தில் கழுத்தைக் கறுப்பாக்கும். செம்பு கலந்த வளையங்கள் பச்சை பூக்கும். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது மடல் சிவந்து அரிக்கும். கொக்கிக்கும் காதுக் கம்பிக்கும் இன்னும் இருபது ரூபாய் கொடுத்து நல்லது வாங்குவதில் தயங்கக் கூடாது. உடம்பைத் தொடுகிற உலோகம் அது.

கழுத்துக்கு முன்பே

தமிழில் மணி என்ற சொல்லுக்குள் எத்தனை இருக்கிறது. கோக்கும் மணி, ரத்தினம், நெல்மணி, கோயில் மணி, கடிகார மணி, கண்ணின் மணி. ஆங்கிலத்தில் ‘பீட்’ என்ற சொல் பிரார்த்தனை என்ற பொருளில் பிறந்து, செபமாலையை எண்ணி எண்ணியே மணியின் பெயராகிவிட்டது. நூற்றெட்டு துளசி மணி, கிறிஸ்தவர் செபமாலையின் ஐம்பத்தொன்பது மணி, தஸ்பீஹின் தொண்ணூற்றொன்பது. விரல் ஒன்றைத் தள்ளி அடுத்ததைத் தொடும் அந்த அசைவு எல்லார்க்கும் ஒன்றுதான்.

விசேஷம் என்றதும் ஆடம்பரத்தைத்தான் நினைக்கிறோம். நம் வீடுகளில் மணி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்குப் பாட்டி வசம்பை நறுக்கித் துளையிட்டுக் கறுப்பு மணியோடு கோக்கும் வளையல்தான் அந்தக் குழந்தை போடும் முதல் நகை. அதுவும் வீட்டில் செய்ததே. (அதை நல்ல நூலில், ஆழமான முடிச்சோடு கோக்க வேண்டும். குழந்தை வாயில் வைக்கும். மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மணி மாலை போட்டால், படம் எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.) தமிழ் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கட்டுவது கருகமணி. நம் புறநகரில் வாழும் தெலுங்குக் குடும்பங்களில் தாலியோடு நல்லபூசலு. இவற்றுக்கெல்லாம் மணி கோத்துத் தருகிற பெண் வெறும் அலங்காரம் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த நாட்களில் கை கூடுதல் கவனமாக இருக்கும். மாதா கோயில் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவையோடு முத்துச் சரம் கேட்பார்கள். அரங்கேற்றத்துக்குக் கெம்பு. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகை புவிசார் குறியீடு பெற்றது. அதை வாங்க முடியாத பெற்றோருக்குக் கெம்புப் பதக்கத்தை மட்டும் வாங்கிச் சிவப்பு மணியில் கோத்துக் கொடுத்தால், மேடை வெளிச்சத்தில் பிள்ளையின் முகம் நன்றாகவே எழுந்து தெரியும்.

ஐந்து மணி நேரத்தின் விலை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு மூன்று சர மாலை. மணி, பதக்கம், கியர் வயர், பேக் ரோப், பெட்டி எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோக்க ஐந்து மணி நேரம். செய்தவள் 800 என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். “வீட்ல சும்மா இருக்கும்போது செய்றதுதானே, எழுநூறு போட்டுக்க” என்கிறார் வாங்க வந்த உறவு. எண்ணூறே கிடைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு 200, அதாவது மணிக்கு நாற்பது. எட்டு மணி நேரம் குனிந்திருந்தால் 320 ரூபாய். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வைத்த நாள்கூலி 336. ரயிலேறிப் பாரிமுனையில் அலைந்த அரை நாளும், தவறாகக் கோத்துப் பிரித்த சரமும், கண் வலியும் இந்தக் கணக்கில் இல்லை.

சும்மா இருந்த நேரம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. பதினொன்றிலிருந்து மூன்று வரை அவள் தூக்கத்திலிருந்தோ, தனக்கென்று வைத்திருந்த ஒரே இடைவேளையிலிருந்தோ எடுத்தது. பொருள் செலவைத் தனியே, கைக்கூலியைத் தனியே எழுதிக் காட்டுங்கள் என்று நான் பார்க்கிற எல்லாப் பெண்களிடமும் சொல்கிறேன். ‘கோப்புக் கூலி’ என்று ஒரு வரி. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று எழுதினால் எல்லோரும் பேரம் பேசாமல் தலையாட்டுகிறார்களே. ஒரு வருடம் கழித்து மறுபடி கோத்துத் தருவதற்கும் ஒரு விலை சொல்லுங்கள். முத்து மாலையை அடிக்கடி போட்டால் ஓரிரு வருடத்தில் நூல் மாற்றத்தான் வேண்டும். அது வாங்கினவருக்கும் நல்லது.

அரசின் கண்ணிலும் இந்தக் கோப்பு விழவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்கள் உண்டு. பொற்கொல்லர் இருக்கிறார், பூமாலை கட்டுபவர் இருக்கிறார், மணி கோப்பவர் இல்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம், மகளிர் குழுக்கள் வழியே கடன் கிடைக்கும். இருந்தாலும், தொழில் என்று பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

அந்த மதிப்பு கிடைக்காமல் நம் கண்முன் காலமெல்லாம் மணி கோத்தவர்கள் நரிக்குறவர்கள். கோயில் வாசலில், மாதா கோயில் திருவிழாவில், ரயில் நிலையப் படிக்கட்டில் துணியை விரித்து ஊசியும் பாசியுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களைத் தாண்டித்தான் நாம் எல்லோரும் நடந்திருக்கிறோம். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைப்பது என்பதில் அவர்களுக்கு இருக்கும் துணிச்சல் எந்த வகுப்பிலும் கிடைக்காது. மஞ்சளுக்கு அடுத்து நீலம், அதற்கடுத்து ரத்தச் சிவப்பு, நடுவே ஒரே ஒரு வெள்ளை. மாமல்லபுரத்துப் பக்கம் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவப் பெண் எழுப்பப்பட்டார். அவர் கேட்ட கேள்வி ஊரெங்கும் பரவி, 2021 தீபாவளியன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர் வசித்த பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா வழங்கினார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தார்கள். அவர்கள் விரிப்பில் இருபது ரூபாய் மாலைக்குப் பத்து ரூபாய் கேட்கும் வழக்கத்தை மட்டும் எந்தச் சட்டத்தாலும் மாற்ற முடியாது. வீட்டில் மணி கோக்கத் தொடங்கியபிறகு நான் அதைக் கேட்பதில்லை. ஒரு சரத்துக்கு எத்தனை முறை ஊசி ஏறி இறங்கும் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பச்சை மாலையைச் சொல்லி முடிக்கவில்லை. நாற்பத்தேழு மணியையும் அக்கா வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மணியின் துளையிலும் மெல்லிய அரத்தைத் தண்ணீரில் நனைத்து விட்டு, இரண்டு பக்க ஓரத்தையும் மழுக்கினார். இரண்டு மதியம் பிடித்தது. தொலைந்த மூன்றுக்கு அதே பச்சையைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் பெட்டியிலிருந்து மூன்று பழைய பவளம் எடுத்துப் பின்கழுத்தில் கொக்கிக்குப் பக்கத்தில் வைத்து, கியர் வயரில் கோத்துக் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டேன். யோசித்து ஒரு தொகை சொன்னார். கொடுத்தேன்.

பிறகு தங்கையின் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் அழுகை ஓய்ந்ததும் தங்கையிடம் தாவிய பிள்ளை, இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துத் தொங்கியது. பெரியம்மா பதறி எழுந்து வந்தார். பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

“இது அன்னிக்கு அறுந்ததுதானே?”

தங்கை தலையாட்டினாள். பெரியம்மா மாலையை மெல்லத் திருப்பி, பின்கழுத்தில் மூன்று பவளத்தையும் விரலால் தொட்டு எண்ணினார்.